கலங்கல் தண்ணீரில் ஒரு கண்

மரக்காணம் உப்பளத்தில் ஒரு பாத்தி எப்போது பக்குவமாகும் என்பது டிகிரிக் கணக்கு. போமே என்ற அளவையின் டிகிரி அது. கண்ணாடி மிதவைக் கோலைத் தண்ணீரில் விட்டால், நீரின் அடர்த்திக்கு ஏற்ப அது ஏறி இறங்கிக் காட்டும் எண். கடல்நீர் சுமார் மூன்றரை டிகிரி இருக்கும். வெயிலில் வற்ற வற்ற எண் ஏறும். 24, 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படிய ஆரம்பிக்கும். அப்போது ஒரு லிட்டர் நீரின் எடை ஏறக்குறைய 1.2 கிலோ.

இதே கோலை வைத்துப் பிளாஸ்டிக்கையும் வரிசைப்படுத்திவிடலாம். கேரி பேக் செய்யும் பாலித்தீனின் அடர்த்தி 0.92 முதல் 0.96 வரை. உப்பு மூட்டை கட்டும் பாலிபுரொப்பிலீன் சாக்கு 0.90. கடல்நீரின் அடர்த்தி 1.025 என்பதால் இவை இரண்டும் மிதக்கும். மீன் வலையின் நைலான் 1.14, கடலில் மூழ்கிவிடும். ஆனால் அதே நைலான் இழை 18 டிகிரி தாண்டிய பாத்திக்குள் வந்தால் மேலே எழும்பிவிடும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் 1.38. மூடி கழன்று தண்ணீர் புகுந்துவிட்டால் அது கடலிலும் மூழ்கும், உப்புப் பாத்தியிலும் மூழ்கும்.

மணலில் கலந்த நுண்பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுக்க ஆய்வகங்கள் கையாளும் முறையும் இதுதான். செறிவான உப்புக் கரைசலில் மணலைக் கொட்டிக் கலக்கினால் மணல் அடியில் தங்கும், பிளாஸ்டிக் மேலே வரும். 2004-இல் பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் கடற்கரை மணலில் நுண்பிளாஸ்டிக் இருப்பதைக் காட்டியது இந்த வழியில்தான். மரக்காணத்தில் அதே கரைசல் ஏக்கர் கணக்கில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கிலிருந்து ஒன்று புரியும். கடற்கரையில் ஒதுங்கும் குப்பை, பெரும்பாலும் மிதக்கக்கூடிய குப்பையே. நாம் பொறுக்குவதும் எண்ணுவதும் அதைத்தான். நைலான் வலைத்துண்டும் தண்ணீர் புகுந்த பெட் பாட்டிலும் கண்ணுக்குப் படாமல் கடலடியில் கிடக்கின்றன. மிதக்கும் கேரி பேக்கும் நெடுநாள் மிதப்பதில்லை. அதன்மேல் பாசி படர்ந்து, சிப்பிக்குஞ்சுகள் ஒட்டி, கனம் ஏறி, ஒருநாள் அதுவும் அடிக்குப் போய்விடும். தண்ணீருக்கடியில் எவ்வளவு கிடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் யாராவது முங்கிப் பார்க்க வேண்டும், அல்லது கேமராவை இறக்க வேண்டும். கேமரா மணிக்கணக்கில் எடுத்துத் தரும் படத்தை உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளின் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கும் முயற்சிக்குப் பெயர் கணினிப் பார்வை. அது எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதைச் சோதித்துப் பார்க்க மரக்காணம் போல ஓர் இடம் கிடைப்பது அரிது.

ஏரி, கால்வாய், கடல்

விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கிறது மரக்காணம். ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே இறங்கி, சென்னைக்குள் புகுந்து வெளியேறும் பக்கிங்காம் கால்வாய் தெற்கே முடிவது இந்த ஊரில்தான். 1870-களின் கொடும் பஞ்சத்தின்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு. மேற்கே கழுவெளி ஏரி. அது 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களான ராம்சார் தலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. உப்புக்கல்லி ஓடை, எடையன்திட்டு முகத்துவாரம் வழியாக ஏரிக்கும் கடலுக்கும் போக்குவரத்து உண்டு. ஓதம் ஏறினால் உப்புநீர் உள்ளே வரும். மழை பெய்தால் நன்னீர் வெளியே போகும்.

சென்னைக் குப்பையெல்லாம் கால்வாய் வழியே இங்கே வந்து சேர்வதாக நினைத்துவிடக் கூடாது. வழியில் கோவளம், பாலாறு என்று கடலில் திறக்கும் வாய்கள் இருக்கின்றன. மரக்காணத்துக்கு வரும் குப்பையில் பெரும்பங்கு அக்கம்பக்கத்து ஊர்களுடையது, சாலையோரக் கடைகளுடையது, மீன்பிடித் தொழிலுடையது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படியொரு வெள்ளம் ஓர் ஆண்டாக ஓடைகளிலும் ஏரிக்கரைகளிலும் சேர்ந்த குப்பையை இரண்டு நாளில் அடித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். கடலுக்குள் போனது அங்கேயே நிற்பதும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கே இழுக்கும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே இழுக்கும்.

குறுகலான ஓடை, ஆழமில்லாத ஏரி, கலங்கலான கரையோரக் கடல், உப்புப் பாத்தி ஆகிய நான்கும் ஓரிரு மணி நேரத்தில் சுற்றிப் பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கேமராவுக்கு நேரும் கதி வேறு.

தண்ணீர் தின்னும் நிறம்

தரையில் கேமராவுக்கும் பொருளுக்கும் நடுவே இருப்பது காற்று. அது படத்தைக் கெடுப்பதில்லை. தண்ணீர் அப்படியல்ல. அது ஒளியை உறிஞ்சும். அதுவும் பாரபட்சமாக உறிஞ்சும். சுத்தமான நீரிலேயே 10 மீட்டர் கடந்த சிவப்பு ஒளியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் மிஞ்சும். நீலத்தில் தொண்ணூறு பங்குக்கு மேல் தப்பிவிடும். ஆகவே ஐந்து மீட்டர் ஆழத்தில் கிடக்கும் சிவப்பு பிஸ்கட் உறையை மேலிருந்து படமெடுத்தால், ஒளி போக ஐந்து, வர ஐந்து என்று பத்து மீட்டர் நடந்து, சிவப்பைத் தொலைத்துவிட்டு வரும். உறை கறுப்பாகத் தெரியும். நிறத்தை நம்பி அடையாளம் காணக் கற்ற இயந்திரம் இங்கேயே வழுக்கிவிடும்.

கடல் ஏன் நீலம் என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் நம்மூர்க்காரர் ஒருவர் உண்டு. 1921-இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த திருச்சிக்காரர் சி. வி. ராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து யோசித்தார். வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிக்கிறது என்பது அப்போது ராலே பிரபு சொல்லி எல்லோரும் ஏற்றிருந்த விளக்கம். ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தை வைத்துப் பிரதிபலிப்பை வடிகட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் கூடியது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். பின்னாளில் நோபல் பரிசுவரை அவரைக் கொண்டுசென்ற பாதையின் தொடக்கம் அது.

ராமன் பார்த்தது தெளிந்த கடல். மரக்காணம் பக்கத்துக் கரையோர நீரில் சிதறடிப்பது மூலக்கூறுகள் மட்டுமில்லை. அலை கிளப்பும் வண்டல், மழைநீர் கொண்டுவரும் களிமண், மிதக்கும் நுண்பாசி எல்லாம் சேர்ந்து ஒளியைத் திசைமாற்றுகின்றன. இதில் இரண்டு கெடுதல் உண்டு. பொருளிலிருந்து கிளம்பிய ஒளி வழிமாறிப் போவதால் விளிம்புகள் மங்கும். பொருளைத் தொடாத ஒளி வண்டலில் பட்டுத் திரும்பிக் கேமராவுக்குள் நுழைவதால் படத்தின்மேல் ஒரு வெண்படலம் படியும். விளக்கைக் கூட்டினால் படலமும் கூடும். பனி மூட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர் முகப்பு விளக்கின் முழு வெளிச்சத்தைத் தணிப்பது ஏன் என்பதை நினைத்தால் சங்கதி விளங்கும்.

இதைத் திருத்தக் கணிதம் இருக்கிறது. 2019-இல் இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தில் டெர்யா அக்காய்னக், தலி திரெய்பிட்ஸ் இருவரும் வெளியிட்ட ‘சீ-த்ரூ’ முறை, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைக் கணக்கிட்டு, தண்ணீர் தின்ற நிறத்தை அந்தந்தத் தூரத்துக்கு ஏற்பத் திருப்பிக் கொடுக்கிறது. பவளப்பாறைப் படங்களில் அதன் பலன் பிரமாதம். ஆனால் எந்தக் கணிதமும் கேமராவுக்குள் வராத ஒளியை உண்டாக்க முடியாது. ஒரு முழத் தொலைவுக்கு மேல் எதுவும் தெரியாத கலங்கலில் திருத்துவதற்குப் படமே இருக்காது.

இயந்திரம் குப்பையைக் கற்பது

இப்போது கற்றலுக்கு வருவோம். 2019-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஃபுல்டன், ஜுங்சியோக் ஹாங், ஜாஹிதுல் இஸ்லாம், ஜுனைத் சத்தார் ஆகியோர் கடலடிக் குப்பையை, படங்களைக் காட்டிப் பழக்கும் கணினி நிரலான நியூரல் நெட்வொர்க் கொண்டு கண்டுபிடிக்க முடியுமா என்று சோதித்தார்கள். படத்துக்கு அவர்கள் போன இடம் ஜப்பான். அந்நாட்டுக் கடலாய்வு நிறுவனமான ஜாம்ஸ்டெக், பல பத்தாண்டுகளாக நீர்மூழ்கிகளும் ரோபோக்களும் எடுத்த கடலடிக் குப்பைப் படங்களை எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தது. அந்தத் தொகுப்பில் 1998-இல் மரியானா அகழியில் 10,898 மீட்டர் ஆழத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பைகூட இருக்கிறது. 5,010 முங்கல்களில் பதிவான மனிதக் குப்பை 3,425. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கில் 89 சதவீதம் ஒருமுறை பயன்படுத்தி எறிபவை.

இந்தப் படங்களில் ஒவ்வொரு பொருளையும் சுற்றி ஒரு கட்டம் வரைந்து, இது என்ன என்று ஆட்கள் எழுதினார்கள். வகை மூன்று: பிளாஸ்டிக், உயிரினம், மனிதன் வேண்டுமென்றே வைத்த கருவி. மூன்றாவது வகை எதற்கு? ரோபோ தன் கையையே கேமராவில் பார்த்துக் குப்பை என்று எடுக்கப் போகக் கூடாதே, அதற்கு. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டியபின் இயந்திரம் புதுப் படத்தில் தானே கட்டம் வரைந்து, ‘பிளாஸ்டிக், 0.83’ என்பது போல் ஒரு நம்பகத்தன்மை எண்ணையும் பக்கத்தில் போடும். வேகமாக ஓடும் யோலோ வகை நிரல்கள் சிறிய கணினியிலும் உடனுக்குடன் வேலை செய்தன, ஆனால் தவறு அதிகம். ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என் என்ற நிரல் நிதானமானது, ஆனால் குறி தப்புவது குறைவு. ரோபோவில் எதை ஏற்றுவது என்பது பேட்டரியையும் பொறுமையையும் பொறுத்த விஷயம். 2020-இல் இதே குழு ‘டிராஷ்கேன்’ என்ற பெயரில் 7,212 படங்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. அதில் கட்டத்துக்குப் பதில் பொருளின் வெளிக்கோட்டையே வரைந்து கொடுத்தார்கள். ஐரோப்பாவின் ‘சீகிளியர்’ திட்டம் பின்னர் 40 வகைப் பொருள்களோடு 8,610 படங்களை வெளியிட்டது.

இயந்திரம் தடுமாறும் இடங்களைக் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் வேலையின் கனம் தெரியும். சொறிமீனையும் கேரி பேக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பாதி ஊடுருவித் தெரிபவை. இரண்டும் அலையில் விரிந்து சுருங்கும். விளிம்பு இரண்டிலும் மங்கல். கடலாமையே ஏமாந்து பையை விழுங்குகிறது. ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல் என்றால் மனிதனும் திணறுவான். அடுத்தடுத்த படங்களைச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: சொறிமீன் தானே சுருங்கி உந்தும், பை நீரோட்டம் தள்ளியபடி போகும். ஆகவே நல்ல நிரல் உருவத்தோடு அசைவையும் கற்க வேண்டும்.

அடுத்தது வலை. தங்கூசி எனப்படும் நைலான் இழை கிட்டத்தட்டத் தண்ணீரைப் போலவே ஒளியை ஊடுருவ விடுகிறது. மீனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. அறுந்துபோன வலை பாதி மணலில் புதைந்து, மீதியில் பாசி படர்ந்து, நடுவில் இரண்டு நண்டு சிக்கியிருந்தால் கட்டத்தை எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? வெளியே தெரியும் முனையை மட்டும் குறித்தால், அங்கே கிடக்கும் பத்து மீட்டர் வலை ஒரு சாண் இழையாகப் பதிவாகும். வலையில் பழகிய மீனவர் அந்த முனையைப் பார்த்ததும் அது நண்டு வலையா, வஞ்சிர வலையா, எந்தப் பக்கம் நீண்டு புதைந்திருக்கும் என்று ஊகித்துவிடுவார். குறிக்கும் மேசையில் அவர் இருந்தால் இயந்திரம் கற்பது அவருடைய பார்வையை.

எந்தத் தண்ணீரில் படித்தது?

இங்கேதான் மரக்காணத்துக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. ஜப்பான் படங்கள் பெரும்பாலும் ஆழ்கடலில், சூரிய ஒளி எட்டாத இருட்டில், ரோபோவின் விளக்கு வெளிச்சத்தில், தெளிந்த நீரில் எடுக்கப்பட்டவை. அதில் படித்துத் தேறிய நிரலை அப்படியே உப்புக்கல்லி ஓடையில் இறக்கினால் அது பார்க்கப்போவது பச்சையும் பழுப்பும் கலந்த நீர், மேலிருந்து விழும் வெயில், நிழல், அழுகிய ஓலை, ஆகாயத்தாமரை வேர். தண்ணீர் பாக்கெட்டை அது பார்த்ததே இல்லை. உப்பு மூட்டைச் சாக்கின் பின்னல், தார்ப்பாய்க் கிழிசல், தெர்மாகோல் பெட்டியின் மூலை, பூஜை மாலையின் நைலான் நூல் எதுவும் அதன் பாடத்தில் கிடையாது. ஓலையைச் சாக்கு என்று சொல்லும். சாக்கைச் சேறு என்று விட்டுவிடும். ஓர் ஊர்த் தண்ணீரில் கற்றது அடுத்த ஊர்த் தண்ணீரில் சறுக்குவது கணினிப் பார்வையின் பொதுநோய். மருந்து ஒன்றுதான்: உள்ளூர்ப் படங்கள், உள்ளூர் வகைகள், உள்ளூர் ஆட்கள் குறித்த குறிப்புகள். அடிப்படைக் கற்றலை வெளிநாட்டுத் தொகுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு, அதன்மேல் சில ஆயிரம் உள்ளூர்ப் படங்களைக் காட்டிப் பழக்கினால் போதும். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

ஒளி கைவிட்ட இடத்தில் ஒலி இருக்கிறது. முன்னோக்கும் சோனார் கருவி உயர் அதிர்வெண் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. சேறு கலந்த நீரும் அதற்குத் தடையில்லை. ஸ்காட்லாந்தின் ஹீரியட்-வாட் பல்கலைக்கழகத்து மத்தியாஸ் வால்டெனெக்ரோ-டோரோ, தொட்டித் தண்ணீரில் பாட்டில், டின், டயர், பால் பெட்டி ஆகியவற்றைப் போட்டுச் சோனார் படமெடுத்து, நியூரல் நெட்வொர்க்கால் அவற்றைக் கண்டுபிடித்துக் காட்டினார். அந்த ஆய்வு 2016-இல் வாசிக்கப்பட்டது நம் பக்கத்துக் கேரளத்தில் நடந்த ஒரு மாநாட்டில். டயரும் பாட்டிலும் ஒலிக்கு நன்றாகத் தெரியும். பின்னால் நிழல்கூட விழும். ஆனால் கேரி பேக்கின் தடிமன் ஒலி அலையின் நீளத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாததால், ஒலி அதை ஊடுருவிப் போய்விடும். எனவே கரையோரக் கடலில் தொலைந்த வலையின் பெரும் சுருள்களையும் டயர்களையும் தேடச் சோனார். பையையும் பாக்கெட்டையும் தேட வேறு இடம் பார்க்க வேண்டும்.

கருவிக்குப் பஞ்சமில்லை. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ரோசப் 6000 என்ற ரோபோ 2010-இல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம் இறங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்து 2015-இல் தொடங்கிய பிளானிஸ் நிறுவனத்தின் ரோபோக்கள் அணைகளையும் துறைமுகச் சுவர்களையும் தண்ணீருக்கடியில் சோதிக்கின்றன. கொச்சியின் ஐரோவ் நிறுவனமும் கையடக்க நீர்மூழ்கி ட்ரோன்களைச் செய்கிறது. பஞ்சம், குறித்து வைத்த படங்களுக்குத்தான். இதுவரை நம் கடலடிக் கணக்கு பெரும்பாலும் மனிதர் முங்கி எடுத்தது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மன்னார் வளைகுடாவில் முங்கிப் பார்த்து, ஆயிரம் சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பவளப்பரப்பு குப்பையால் மூடப்பட்டிருப்பதையும், அதில் கைவிடப்பட்ட வலையே முதலிடத்தில் இருப்பதையும் பதிவு செய்தார்கள். புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சியாளர் அரவிந்த் தருண்ஸ்ரீ பல ஆண்டுகளாகக் கடலடியிலிருந்து குப்பையை மேலே கொண்டுவருகிறார். இப்படி முங்குகிறவர்கள் தலைக்கேமராவில் பதிவாகும் படங்களே நாளைய பாடப்புத்தகம், குறித்து வைத்தால்.

வாயில் வைத்த கேமரா

கேமராவை எங்கே வைத்தால் காரியம் ஆகும்? கடல் பரந்தது, கலங்கலானது, அலை அடிப்பது. ஓடை குறுகலானது. கடலுக்குப் போகும் குப்பை அந்தக் குறுகலைக் கடந்துதான் ஆக வேண்டும். அங்கே அது இன்னும் முழுசாக இருக்கிறது: பை பையாக, பாட்டில் பாட்டிலாக. இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ‘ஓஷன் கிளீனப்’ அமைப்பைச் சேர்ந்தவர்கள் ஐந்து நீர்வழிகளின் பாலங்களில் கேமரா பொருத்தி, மிதந்து போகும் பிளாஸ்டிக்கை நியூரல் நெட்வொர்க்கால் எண்ணினார்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வில் இயந்திரம் ‘பிளாஸ்டிக்’ என்று சுட்டியவற்றில் 68.7 சதவீதம் சரி.

மூன்றில் ஒன்று தப்பு என்றால் எதற்கு ஆகும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மதகைக் கடந்தவை நூறு பிளாஸ்டிக் துண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் எண்பது இடத்தில் கட்டம் போடுகிறது. அதில் அறுபது உண்மை, இருபது ஓலையும் இலையும். சுட்டியதில் முக்கால் பங்கு சரி. இருந்ததில் அறுபது சதவீதம் பிடிபட்டது. இந்த இரண்டு விகிதங்களையும் ஆட்களை வைத்து அவ்வப்போது சரிபார்த்துத் தெரிந்துகொண்டால், எண்பது என்ற எண்ணிலிருந்து நூறு என்ற உண்மைக்குத் திருப்பிக் கணக்கிடலாம். ரோபோ கை நீட்டிக் குப்பையை எடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு கட்டமும் சரியாக இருக்க வேண்டும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ள, தவறின் அளவு தெரிந்திருந்தால் போதும்.

தெரிய வேண்டிய கேள்விகளோ நிறைய. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. 2022 ஜூலையில் நாடு முழுக்கத் தடை வந்தது. இடையில் 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம். இத்தனைக்கும் பிறகு மரக்காணத்து ஓடையில் கேரி பேக் குறைந்திருக்கிறதா, அதன் இடத்தை வேறு உறை பிடித்துக்கொண்டதா? சந்தை நாளுக்கு மறுநாள் கூடுகிறதா? முதல் மழைக்கு வருவது எத்தனை, மூன்றாம் மழைக்கு எத்தனை? முதல் மழையே பெரும்பங்கைக் கொண்டுவருகிறது என்று தெரிந்தால், மழைக்கு முந்தின வாரம் ஓடையில் தடுப்பு வலை கட்டிவிடலாம். புயலுக்குப் பின் கடற்கரையில் ஆயிரம் பேரை இறக்குவதைவிட அது மலிவு.

இந்தக் கேமராவிலும் சிக்கல் உண்டு. பாலத்திலிருந்து பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே. அதனால் மதகின் பக்கச் சுவரில், தண்ணீருக்குள் இன்னொரு கேமரா வேண்டும். கண்ணாடியில் சில நாளிலேயே பாசி படியும். துடைக்க ஆள் வேண்டும். உப்புக்காற்று ஒவ்வொரு திருகையும் தின்னும். ஓதம் ஏறும்போது அதே பை உள்ளே திரும்பி வந்தால் இரண்டாவது முறை எண்ணாமலிருக்க, நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மனித முகங்கள் படத்தில் விழாதபடி கோணம் வைப்பதும் முக்கியம்; கரையில் நண்டு பிடிப்பவரைக் கண்காணிப்பது நம் வேலையில்லை.

கண்டுபிடித்தபின் எடுப்பது யார்? கேரளத்தில் கொல்லம் பக்கத்து நீண்டகரைத் துறைமுகத்தில் 2017-இல் ஆரம்பித்த ‘சுசித்வ சாகரம்’ திட்டத்தில், வலையில் மாட்டும் பிளாஸ்டிக்கைக் கடலிலேயே திரும்ப எறியாமல் மீனவர்கள் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அது துண்டாக்கப்பட்டுச் சாலை போடப் போனது. கைக்கெட்டும் வழி அதுதான். இயந்திரம் இடத்தைச் சொல்லும். எடுக்கும் கைக்கு அன்றைய கூலியைக் கொடுத்தால் வேலை நடக்கும்.

கேமராவுக்குத் தப்பியது

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? வெயிலும் உப்பும் அலையும் பிளாஸ்டிக்கைப் பொடியாக்கும். ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் அது நுண்பிளாஸ்டிக். எந்த ஓடைக் கேமராவும் அதை எண்ண முடியாது; நுண்ணோக்கி வேண்டும். அப்படி நொறுங்கியது கடலில் மிதந்து, நீரோடு பாத்திக்கு வரும். தண்ணீர் ஆவியாகும், பிளாஸ்டிக் ஆவியாகாது.

2018-இல் மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அமிர்தான்ஷு ஸ்ரீவாஸ்தவ், சந்தன் கிருஷ்ண சேத் இருவரும் இந்தியக் கடலுப்பு மாதிரிகளைச் சோதித்தார்கள். கிடைத்த துகள்கள் 626. அதில் 63 சதவீதம் உடைந்த சில்லுகள், 37 சதவீதம் இழைகள். எடைக் கணக்கில் கிலோவுக்குச் சராசரி 63.76 மைக்ரோகிராம். நாளுக்கு ஐந்து கிராம் உப்பு தின்றால் ஆண்டுக்குச் சேருவது சுமார் 0.1 மில்லிகிராம். பயந்து உப்பை விடும் அளவு இல்லை. ஆனால் சில்லுகள் பெரும்பங்கு என்பது, அவை ஒரு காலத்தில் பெரிய பொருளாக இருந்தன என்பதற்குச் சாட்சி. தூத்துக்குடி உப்பில் சுகந்தி தேவதாசன் நிறுவனத்தார் 2020-இல் செய்த ஆய்வு இன்னும் தெளிவு: கடல்நீரில் விளைந்த உப்பில் கிலோவுக்குச் சராசரியாக 35 முதல் 72 துகள்கள், ஆழ்துளைக் கிணற்று நீரில் விளைந்ததில் 2 முதல் 29. மண் வடிகட்டிய நீரில் பிளாஸ்டிக் குறைவு. மும்பை ஆய்வும் இதையே வேறு விதமாகச் சொன்னது: பாத்திக்குள் விடுமுன் கடல்நீரை மணலில் வடிகட்டினால் எடைக் கணக்கில் 85 சதவீதத்துக்கு மேல் நுண்பிளாஸ்டிக் நின்றுவிடும்.

ஆக, மரக்காணத்துக்குத் தேவையான கருவிகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை. கரையோரக் கடலில் தொலைந்த வலைக்குச் சோனார். பாத்திக்குள் வரும் நீருக்கு மணல் வடிகட்டி. இரண்டுக்கும் முன்னால், ஓடை வாயில் கணினிப் பார்வை. மூன்றில் மலிவானதும் முதலில் செய்ய வேண்டியதும் கடைசியாகச் சொன்னதே. ஏனென்றால் ஒரு பையை, அது நூறாயிரம் துகளாக ஆகும் முன், பார்க்கக் கிடைக்கும் கடைசி இடம் அந்த வாய். அங்கே ஒரு மதகில் கேமரா வைத்து, ஒரு முழுப் பருவத்துக்குப் படமெடுத்து, மரக்காணத்து மீனவரையும் உப்பளத் தொழிலாளரையும் கூலி கொடுத்து உட்காரவைத்து ‘இது என்ன’ என்று குறிக்கச் சொன்னால், உலகில் யாரிடமும் இல்லாத ஒரு படத்தொகுப்பு நமக்குக் கிடைக்கும். வங்கக் கடலோரத்தின் எந்த ஓடைக்கும் அது பயன்படும். அல்காரிதம் ஏற்கனவே இலவசமாகக் கிடைக்கிறது. குறிக்கும் கைக்குக் கொடுக்கும் கூலிதான் இந்த அறிவியலின் உண்மையான செலவு, அதைச் செய்யத் தயங்குவதற்கு நியாயம் எதுவும் இல்லை.